மைக் யார் கையில்?

இந்த முறை பத்தியை ஒரு பள்ளிக்கூட வேலையில் இருந்து தொடங்குகிறேன்.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலரைக்கே நல்லாய் இருட்டிவிட்டது. பிள்ளைகளின் அம்மம்மா, அதாவது என்னுடைய அம்மா, சோபாவில் காலை மடக்கிப் போர்வைக்குள் இருந்து டப்லட்டில் ‘நீயா நானா’ பார்த்துக்கொண்டிருந்தா. ஏழாம் வகுப்புப் படிக்கிற மூத்தவள் பையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து கேட்டாள்.

“அம்மா, டோக் ஷோவுக்குத் தமிழில என்ன?”

எனக்கு உடனே வரவில்லை. “கதைக்கிற நிகழ்ச்சி” என்றேன். “அப்ப எல்லா நிகழ்ச்சியும் கதைக்கிறதுதானே” என்றாள். அதுவும் சரிதான்.

விசயம் இதுதான். டெனிஷ் பாடத்தில் ஒரு கிழமையாக டோக் ஷோ பற்றிப் படித்திருக்கிறார்கள். முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்தில் ஒரு மூத்தவரை விருந்தினராக இருத்தி, பத்து நிமிடம் பேட்டி எடுத்து, வீடியோவாகக் கொடுக்க வேண்டும். அவள் தெரிவு செய்த ஆள் அம்மம்மா. மொழிபெயர்க்கப் போகிற ஆள் நான். அந்த இரண்டு கிழமையும் அவளோடு சேர்ந்து நானும் படித்தேன். படித்ததில் கொஞ்சத்தையும், அதன் பிறகு எங்கட வீட்டில் நடந்ததையும் இங்கே சொல்கிறேன்.

டோக் ஷோ என்று நாங்கள் இன்று சொல்கிற வடிவம் அமெரிக்காவில்தான் உருப்பெற்றது. 1954 செப்ரெம்பரில் என்பிசி தொலைக்காட்சி ‘த டுநைட் ஷோ’வை நாடு முழுக்க ஒளிபரப்பத் தொடங்கியது. ஸ்டீவ் அலன் நடத்தினார். ஒரு மேசை, பக்கத்தில் விருந்தினருக்கு இருக்கை, ஒரு இசைக்குழு, பகிடி. 1962 இல் இருந்து 1992 வரை முப்பது வருடம் ஜோனி கார்சன் அந்த மேசையில் இருந்தார். ஆனால் அங்கே கதைத்தவர்கள் பெரும்பாலும் பிரபலமானவர்கள்தான். சனம் கை தட்டும், சிரிக்கும், வீட்டுக்குப் போகும்.

அதை மாற்றியவர் பில் டொனஹியூ. 1967 நவம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் டேய்ற்றன் நகரில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. அதற்கு முன் அதே இடத்தில் நடந்த வேறொரு நிகழ்ச்சிக்காக ரிக்கெட் எடுத்திருந்தவர்கள்தான் பார்வையாளராக வந்து இருந்தார்கள். விளம்பர இடைவேளையில் அவர்கள் விருந்தினரிடம் கேட்ட கேள்விகள் தன்னுடைய கேள்விகளைவிட நன்றாக இருப்பதை டொனஹியூ கவனித்தார். மைக்கைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் இறங்கிவிட்டார். அன்றைக்குத்தான் பகல் நேர ரீவியில் வீட்டில் இருக்கிற பெண்களின் கேள்விக்கு ஒரு மதிப்பு வந்தது என்று சொல்லலாம்.

1986 இல் ஒப்ரா வின்ஃப்ரி சிக்காகோவில் இருந்து நாடு முழுக்க வந்தா. 2011 வரை இருபத்தைந்து வருடம். அவ செய்த பெரிய மாற்றம், தன்னுடைய கதையையும் சொன்னது. சிறு வயதில் தனக்கு நடந்த கொடுமையை அவவே சொன்ன பிறகு, எதிரில் இருந்தவர்களும் வாய் திறந்தார்கள். 2009 இல் சிக்காகோவுக்கு ஒலிம்பிக் கேட்டு கொப்பன்ஹேகன் வந்தபோது, டெனிஷ் வீடுகளுக்குள்ளும் போய் ஒரு நிகழ்ச்சி செய்தா. கடைக்கு வெளியில் குழந்தையை வண்டிலோடு விட்டுவிட்டு உள்ளே கோப்பி குடிக்கிற தாய்மாரைப் பார்த்து அமெரிக்கர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒலிம்பிக் றியோவுக்குப் போய்விட்டது. அது வேறு கதை.

எங்கட டென்மார்க்குக்கு வருவோம். இங்கே ரீவி ஒளிபரப்பு தொடங்கியது 1951 ஒக்ரோபர் 2. அதன் பிறகு முப்பத்தேழு வருடம் நாட்டுக்கு ஒரே ரீவி நிறுவனம்தான், டிஆர். 1988 ஒக்ரோபர் 1 இல் ஒடென்சவில் இருந்து ரிவி 2 வந்த பிறகுதான் போட்டி வந்தது. போட்டி வந்ததும் சோபாவும் வந்தது. 1996 இல் ரிவி 2 ‘கோ மோன் டென்மார்க்’கைத் தொடங்கியது. காலையில் சோபா, கோப்பி, சமையல், அரசியல்வாதி எல்லாம் ஒரே அறையில். பின்னர் டிஆர் பின்னேரத்துக்கு ‘ஆஃப்டன்ஷோவ’ செய்தது. டிஆர் 2 இல் கிளமென்ற் கியர்ஸ்கோ நீண்ட காலம் ‘டிபேற்றன்’ விவாதத்தை நடத்தினார்.

இவற்றைத் தமிழ் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு என்ர மகள் ஒரு விசயம் சொன்னாள். “டெனிஷ் ஆக்கள் கத்துறதும் இல்லை, அழுறதும் குறைவு. கேட்டுப்போட்டுப் பேசாம இருப்பினம். மற்ற ஆள் தானாக் கதைக்கும்.” இது நல்ல அவதானிப்பு. பேட்டி எடுக்கிறவரின் மௌனமும் ஒரு கேள்விதான்.

அவளுக்கு நான் காட்டிய இன்னொரு நிகழ்ச்சி ‘ஸ்காவ்லான்’. நோர்வேக்காரரான ஃப்ரெட்ரிக் ஸ்காவ்லான் 2009 இல் இருந்து 2021 வரை நடத்தினார். அவர் நோர்வே மொழியில் கேட்பார். விருந்தினர் சுவீடிஷில் சொல்வார், அல்லது டெனிஷில் சொல்வார். இடையில் ஒருவரும் மொழிபெயர்க்க மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு மகள் சிரித்தாள். “இது எங்கட வீடு!”

உண்மைதான். அம்மம்மா தமிழில் கேட்பா, பிள்ளைகள் டெனிஷில் பதில் சொல்லுவார்கள், நான் இரண்டையும் கலந்து கத்துவேன். இதை ஒரு குறை என்று நினைத்து நான் வருடக்கணக்காகக் கவலைப்பட்டிருக்கிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள். ஆனால் ஸ்கண்டிநேவியாவின் பெரிய டோக் ஷோ ஒன்று பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

இப்ப ஒரு கசப்பான பகுதி. டெனிஷ் ரீவியில் ‘தமிழ்’ என்ற சொல் அதிகம் கேட்டது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். 1987 இல் அப்போதைய நீதி அமைச்சர் எறிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். அதுதான் ‘தமில்சாயன்’, தமிழர் வழக்கு. 1993 சனவரி 14 இல் நீதிபதி ஹோர்ன்ஸ்லெற்றின் அறிக்கை வெளியானது. பிரதமர் போல் ஷ்லூற்றர் பதவி விலகினார். 1995 இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு அரசாங்கமே எங்கட பெயரில் விழுந்தது.

அப்ப எனக்குப் பத்து வயது. வகுப்பில் நான் மட்டும்தான் தமிழ். ஒவ்வொரு இரவும் ரீவியில் எங்கட பெயரைச் சொன்னார்கள். அமைச்சர்கள் கதைத்தார்கள், சட்டத்தரணிகள் கதைத்தார்கள், பத்திரிகையாளர்கள் கதைத்தார்கள். என்ர ஞாபகத்தில், அம்மாவைப் போல ஒரு முகத்தை அந்தக் கதிரைகளில் நான் பார்க்கவில்லை. எங்களைப் பற்றிய கதை, எங்களோடு இல்லாத கதை. அந்த வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியாது. மைக் எங்கட பக்கம் வரவில்லை என்று மட்டும் தெரிந்தது.

தமிழில் எப்படி? எங்கட ஆட்களுக்குச் சபையில் கதைக்கிறது புதிசு இல்லை. பட்டிமன்றம், வழக்காடு மன்றம், சுழலும் சொற்போர் எல்லாம் கோயில் திருவிழாவிலும் கம்பன் விழாவிலும் வளர்ந்தவை. ஆனால் அங்கே கதைக்கிறவர்கள் பேச்சாளர்கள், புலவர்கள். சனம் கேட்கும். 1993 ஏப்ரல் 14 இல் சன் ரீவி தொடங்கிய பிறகு பட்டிமன்றம் வீட்டுக்குள் வந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சாலமன் பாப்பையா வராத வீடு இல்லை. பிறகு இயக்குநர் விசு ‘அரட்டை அரங்கம்’ நடத்தினார். ஊர் ஊராகப் போய், படிக்கிற பிள்ளைகளிடமும் சாதாரண சனத்திடமும் மைக்கைக் கொடுத்தார். எங்கட பரபோலில் அது வந்த ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். லண்டனில் இருந்து தீபம், பாரிசில் இருந்து ரி.ரி.என் என்று எங்கட ஆட்களின் தொலைக்காட்சிகளும் அந்தக் காலத்தில்தான் வீட்டுக்குள் வந்தன.

2006 இல் விஜய் ரீவியில் ‘நீயா நானா’ வந்தது. கோபிநாத் நடுவில் நிற்பார். ஒரு பக்கம் மாமியார்கள், மறுபக்கம் மருமகள்கள். ஒரு பக்கம் பெற்றோர், மறுபக்கம் பிள்ளைகள். பட்டிமன்றத்தில் இருந்து இதற்கு ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பட்டிமன்றப் பேச்சாளர் தனக்குத் தந்த அணிக்காகப் பேசுவார், நாளைக்கு மறுபக்கமும் பேசுவார். ‘நீயா நானா’வில் வருகிற மாமியார் உண்மையிலேயே மாமியார். அவ சொல்வது அவவின் வீட்டுக் கதை.

அந்த வித்தியாசத்தில் பலமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. 2011 இல் சீ தமிழில் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ குடும்பச் சண்டையை அப்படியே கமெராவுக்கு முன் கொண்டுவந்தது. முதலில் நிர்மலா பெரியசாமி நடத்தினார், பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன். அழுகை, அடிதடி, ஊர் முழுக்கத் தெரிந்த இரகசியம். 2018 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மேற்கு நாடுகளும் இதில் சுத்தம் இல்லை. அமெரிக்காவில் ஜெரி ஸ்பிரிங்கர் 1991 இல் இருந்து 2018 வரை இதே வேலையைத்தான் செய்தார். பிரித்தானியாவில் ‘ஜெரமி கைல் ஷோ’ 2019 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது, நிகழ்ச்சியில் பங்குபற்றிய ஒருவர் இறந்த பிறகு. கமெரா நின்றதும் நிகழ்ச்சிக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதை சொன்ன ஆள் அந்தக் கதையோடேயே ஊருக்குத் திரும்பவேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு பேட்டி நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் ஃபோனை ஒரு சின்ன முக்காலியில் பூட்டினாள். அம்மம்மாவுக்கு ஒரு கதிரை, தனக்கு ஒரு கதிரை, நடுவில் தேத்தண்ணி. அம்மா நல்ல சேலை உடுத்து வந்து இருந்தா. முதல் கேள்விகள் சுகமாகப் போயின. எந்த ஊர், எத்தனை சகோதரம், முதல் முதல் பனி பார்த்தது எப்ப. பிறகு மகள் தாளைப் பார்த்து வாசித்தாள்.

“அம்மம்மா, டென்மார்க்கில உங்களுக்கு ஆகக் கஷ்ரமான நாள் எது?”

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.

“அதை நிப்பாட்டு பிள்ளை. நான் ‘சொல்வதெல்லாம் உண்மை’ எத்தினை வருசம் பாத்தனான். கமெராவுக்கு முன்னால அழ என்னால ஏலாது.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து போய் ஃபோனை நிறுத்தி, குப்புற வைத்துவிட்டு, திரும்பி வந்து இருந்தாள். கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. டெனிஷ் ரீவியில் பார்த்த மாதிரிப் பேசாமல் இருந்தாள். எனக்குத்தான் ஏதாவது சொல்லி நிரப்பவேணும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தால் அம்மா கதைக்கத் தொடங்கினா.

1991 மாசி மாதம். நாங்கள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு வயிற்றுக்குத்து என்று டொக்டரிடம் போனோம். அப்பா வேலையில். மொழிபெயர்க்க நான் போனேன், எட்டு வயது. அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. டொக்டர் என்னவோ கேட்டார், நான் அம்மாவிடம் கேட்டேன், “வயித்துக்குத்து எண்டு சொல்லு” என்றா. சொன்னேன். குளிசை தந்தார். வரும்போது எனக்கு ஒரு ஐஸ் பழம் வாங்கித் தந்தா, மாசிக் குளிரில். அதுதான் என்ர ஞாபகத்தில் நின்றது, அந்த ஐஸ் பழம்.

“அது வயித்துக்குத்து இல்லை” என்றா அம்மா. “மூண்டு மாசம். கலைஞ்சு போச்சு. உனக்கு எட்டு வயசு. உன்ர வாயால அதை என்னண்டு சொல்ல விடுறது?”

முப்பது வருடத்துக்கும் மேலாக அவ அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, அப்பாவைத் தவிர. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் பின்னேரம் பின்னேரமாக டெனிஷ் ரீவியைப் போட்டு வைத்திருந்தாவாம். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் இரண்டு பேர் எதிர் எதிரே இருந்து கதைப்பார்கள், ஒருவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். “அந்த ஆள் கேக்கிறதைப் பாக்க ஆறுதலா இருந்துது. எனக்கு அப்பிடி இருந்து கேக்க ஒருத்தரும் இல்லை.”

மகளுக்கு எல்லாம் விளங்கியது. நான் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை. அவள் எழுந்து போய் அம்மம்மாவின் கதிரைக் கையில் இருந்தாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கட தலைமுறை எல்லாரும் இந்த வேலை செய்தவர்கள்தான். கொமூனக் கடிதம், வங்கி, பல் டொக்டர், பள்ளிக்கூடக் கூட்டம். மைக் எங்கட கையில் இருந்தது என்று நாங்கள் நினைத்தோம், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுத்தால், பிள்ளைக்கு ஏற்ற கதைதான் வெளியில் வரும். மற்றது உள்ளேயே கிடக்கும்.

இது பழங்கதை இல்லை. 2018 யூலையில் இருந்து, மூன்று வருடத்துக்கு மேல் இங்கே வசிக்கிறவர்கள் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்றால் தாங்களே கட்டணம் கட்டவேணும் என்று விதி வந்தது. காசை மிச்சம் பிடிக்க இப்பவும் நாங்கள்தான் பெற்றோரோடு போகிறோம், சில நேரம் பேரப்பிள்ளைகள் போகிறார்கள். போங்கள், நல்லது. ஆனால் வருடத்தில் ஒரு முறையாவது நீங்கள் இல்லாமல், வெளி ஆள் ஒருவரோடு அவர்கள் தனியாகக் கதைக்க ஒரு வழி செய்து கொடுங்கள். கட்டணத்தைவிடப் பெறுமதியான கதை அதில் வரக்கூடும்.

பிள்ளைகளோடு கதைக்கிறதுக்கும் இந்தப் பள்ளிக்கூட வேலையில் இருந்து நான் சில விசயம் எடுத்துக்கொண்டேன். “இண்டைக்குப் பள்ளிக்கூடம் நல்லா இருந்ததா” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் வரும். ‘என்ன, ஏன், எப்படி’ என்று தொடங்குகிற கேள்வி கேட்டால் ஒரு வசனமாவது வரும். டெனிஷ் பள்ளிக்கூடத்தில் பேட்டிக்குச் சொல்லிக் கொடுக்கிறதும் இதைத்தான். கேட்ட பிறகு பத்து விநாடி பொறுங்கள். பிள்ளை டெனிஷில் பதில் சொன்னால் முதலில் பதிலைக் கேளுங்கள், தமிழைப் பிறகு திருத்தலாம். ஒப்ரா செய்தது போல உங்கட கதை ஒன்றையும் முதலில் சொல்லுங்கள். நான் ஏழாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்ட கதையைச் சொன்ன பிறகுதான் மகள் தன்னுடைய புள்ளியைச் சொன்னாள்.

முக்கியமாக, வீட்டை ‘சொல்வதெல்லாம் உண்மை’ ஆக்காதீர்கள். பிள்ளை தனியாகச் சொன்ன விசயத்தை மாமியின் பிறந்தநாளில் எல்லாருக்கும் முன்னால் எடுத்துப் போட்டால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். அந்தக் கதவு திரும்பத் திறக்க ஒரு வருடம் எடுத்தது. படம் எடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ முன்னம் கேளுங்கள், அம்மம்மாவிடமும் கேளுங்கள், ஒன்பது வயசுச் சின்னவனிடமும் கேளுங்கள்.

மகள் கொடுத்த வீடியோ வேறு. அடுத்த ஞாயிறு திரும்பவும் இருந்தார்கள். ஒடியல் மா கிடைக்காத காலத்தில் டென்மார்க்கில் கூழ் காய்ச்சப் பார்த்துப் பிழைத்துப் போன கதையை அம்மா கமெராவுக்கு முன் சொன்னா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மம்மா தமிழில், பேத்தி டெனிஷில், கீழே நான் எழுதிய எழுத்து ஓடியது. ஆசிரியை வகுப்பில் போட்டுக் காட்டினாவாம். முதல் நாள் கதை அந்த அறைக்குள்ளேயே இருந்தது.

அப்ப இங்கே ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் அம்மாவிடம் கேட்டேன். “என்னை மாதிரி எத்தினை பேர் இருப்பினம். எழுது. ஆனா முதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டு” என்றா. வாசித்துக் காட்டினேன். இரண்டு வரியை வெட்டச் சொன்னா. வெட்டிவிட்டேன்.

உங்கட வீட்டில் மைக் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இதுவரை போகவில்லை என்று எழுதி அனுப்புங்கோ. வெளியிட வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கோ. அடுத்த முறை சந்திப்போம்.